கல்தோல்: நான்காவது திருத்தம்

வெள்ளவத்தை, ஹம்டன் லேன், கடல் பக்கம்.
மூன்றாம் மாடி, சனி இரவு ஏழரை.
மேசையில் வரைபடம், மாலுபாண் பை,
பையிலிருந்து ஊறிய எண்ணெய்க் கறை.
கறையை ஏரி என்று வைத்துக்கொண்டோம்.
ரயில் போகும்போது உருளும் பகடை செல்லாது:
எங்கள் முதல் விதி அது.
கரையோர ரயில் மேசையை உலுக்கி
ஆறை இரண்டாக்கிய இரவில் எழுதினேன்.

பகலில் நான் காப்புறுதிக் கம்பனியின் சேத மதிப்பீட்டாளன்.
நசுங்கிய கதவைத் தட்டிப் பார்த்து
"முதல் இருபத்தையாயிரம் உங்கட பொறுப்பு" என்பேன்.
இரவில் அதே வசனம் தலைகீழ்:
முதல் மூன்று புள்ளி தோலின் பொறுப்பு,
மிச்சம் உடம்புக்கு.

மூன்று சின்ன எண் என்றுதான் நினைத்தேன்.
எலிப்படை வந்தது. நாற்பது எலி, கடிக்கு இரண்டு.
ரிஸ்கானின் கல்மனிதன் நடுவில் நின்று
கொட்டாவி விட்டான்.
ரிஸ்கானும்தான்.

திங்கள் காலை தெமட்டகொடையில் ஒரு ஓட்டோ.
சேதம் இருபத்திநாலாயிரம்.
சாரதி என் பேனையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அழித்தேன். கழிப்பதை விட்டுப் பாதியாக்கினேன்.
எலி கடித்தாலும் பாதி, மலை விழுந்தாலும் பாதி.
நியாயம் போலத்தான் இருந்தது.
கல்லுக்கும் கொஞ்சம் வலிக்கட்டும் என்று
டிராகனின் மூச்சை நாற்பதுக்கு உயர்த்தினேன்.
கல்லுக்கு இருபது. செருமினான், அவ்வளவே.
பக்கத்தில் நின்ற துவாரகாவின் வைத்தியச்சிக்கு
இருந்த உயிரே பதினெட்டு.

ஒருவன் வேகவில்லை என்று
அடுப்பைக் கூட்டினேன்;
வெந்தது வேறொருத்தி.

துவாரகா ஒன்றும் சொல்லவில்லை.
தாளை நாலாக மடித்து
பிளேன்டீக் கோப்பைக்கு அடியில் வைத்தாள்.
கவசம் விற்காத ஆமர் வீதியில்
ஆணி விற்கும் செபமாலைதான் வாய் திறந்தார்:
"துருப்பிடிக்காத ஆணிக்கு விலை கூட, தம்பி.
நீ சும்மா அள்ளிக் குடுத்திட்டாய்."

எனவே விலை வைத்தேன்:
தீ பாதி என்றால் தண்ணீர் இரட்டிப்பு.
ரிஸ்கான் ஏரிப் பக்கமே போகவில்லை.
மூன்று கிழமை எங்கள் கதை
எண்ணெய்க் கறையைச் சுற்றி நடந்தது.
தவிர்க்க முடிந்த பலவீனம் பலவீனமே இல்லை,
கடன்காரன் வீடு இருக்கும் ஒழுங்கை அது;
மற்ற ஒழுங்கையால் போனால் சரி.

நேற்று நான்காவது திருத்தம்.
கல்தோல் காயத்தைப் பாதியாக்கும்,
மருந்தையும் பாதியாக்கும்.
"அப்ப என்ன ஆறவும் உடமாட்டீங்க?"
ரிஸ்கானுக்கு நான் பதில் தேடுவதற்குள்
துவாரகா சிரித்துவிட்டாள்.
"எனக்கு இனி ரெட்டை வேலை."
புதிய தாளில், செத்தவளின் தங்கை;
அதே பெயர், ஒரு எழுத்து மட்டும் கூட.

டிராகனையும் இருபத்திநாலுக்கு இறக்கினேன்.
எண்ணை எழுதும்போது கை ஒரு கணம் நின்றது.
கல்லுக்குப் பன்னிரண்டு. அவள் எட்டு ஊற்றினாள்,
நாலுதான் உள்ளே இறங்கியது.
ரிஸ்கான் கதிரையை முன்னால் இழுத்து
விரல்விட்டு எண்ணத் தொடங்கினான்.
மாலுபாண் பாதியில் ஆறிக் கிடந்தது.

அவன் தாளைக் கேட்டு வாங்கினேன்.
'எதிர்ப்பு' என்ற கட்டத்தில் எண் இல்லை,
நாலுதரம் தேய்த்ததில் விழுந்த ஓட்டை.
வாளுக்கும் தீக்கும் நஞ்சுக்கும் கணக்கு வைத்தேன்,
அழிரப்பருக்கு வைக்கவில்லை.
ஓட்டைக்குள்ளால் மேசையின் பலகை தெரிந்தது,
பலகையில் கொஞ்சம் ஏரி.

டிராகன் திரும்ப மூச்சை இழுத்தது.
பகடை என் கையை விட்டுப் போன பிறகுதான்
கிளாசுகள் கிணுகிணுத்தன.
பாணந்துறைப் பக்கம் போகிற கடைசி ரயில்.
இருபது முகமும் நடுங்கிக்கொண்டிருக்க
நாலு தலையும் அதன்மேல் குனிந்திருக்க
ஒருவரும் எண்ணை வாசிக்கவில்லை.
போய் முடியட்டும்.